மிஸ்கீனுக்கு வைத்தியர் தேடிய இரவு



உங்கள் வீட்டில் ஆண் பூனை இருக்கிறதா? இருந்தால், அது இன்றைக்கு ஒழுங்காகச் சிறுநீர் கழித்ததா என்று உங்களுக்குத் தெரியுமா? "இதென்ன கேள்வி, பெற்ற பிள்ளைகளைக் கவனிக்கவே நேரமில்லை" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படிச் சிரித்திருக்கக்கூடியவள்தான், 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவொன்று வரைக்கும்.

நாங்கள் இருப்பது ஹட்டனில். என் கணவருக்கு நகரத்தில் ஒரு சிறு கடை. வீட்டில் நாங்கள் இருவர், பன்னிரண்டு வயது மகன், மாமி. ஐந்தாவது ஆள் மிஸ்கீன். மிஸ்கீன் என்பது பூனை. பூனை மாமியுடையது என்று சொல்வதைவிட, மாமி அந்தப் பூனையுடையவர் என்று சொன்னாலும் பிழையில்லை.

மாமா 2021 ஓகஸ்டில் கொவிட் நோயில் மௌத்தானார். ஜனாஸா ஓட்டமாவடிக்குப் போனது. முந்திய வருடம் எரித்தார்களே, இப்போது அடக்குகிறார்களே, அந்த மட்டில் அல்ஹம்துலில்லாஹ் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்ட காலம் அது. மாமியால் முகம் பார்க்க முடியவில்லை. இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் அவர் எங்களுடன் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். அந்த நாட்களில்தான் ஒரு மழைக்கு ஒதுங்கிச் சமையலறைக் கதவடியில் ஒரு குட்டி வந்து நின்று கத்தியது. எலும்பும் தோலுமாய் இருந்ததைப் பார்த்து மாமி, "மிஸ்கீன், பாவம்" என்றார். அதுவே பெயராகிவிட்டது. பிறகு அது மிஸ்கீனாக இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஐந்து கிலோவுக்குக் குறையாத, அடுப்படியைவிட்டு அசையாத ஒரு முதலாளியாகிவிட்டது. மாமி திரும்பவும் பேச ஆரம்பித்தது முதலில் அதனோடுதான்.

பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமல்ல என்பதை, அபூ கதாதா (ரலி) அவர்கள் பூனைக்காகப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்த சம்பவத்தோடு மத்ரஸாவில் படித்திருக்கிறோம். பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையும் சிறு வயதிலேயே நமக்குச் சொல்லப்பட்டதுதான். ஆனால் இரவு பத்து மணிக்குப் பூனை வலியில் துடித்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவது மத்ரஸாவின் வேலையுமல்ல.

திங்கட்கிழமையே தொடங்கியிருக்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை. மிஸ்கீன் மண் தட்டில் போய்க் குந்துவதும், எழும்புவதும், பின்பக்கத்தை நக்குவதும், திரும்பப் போய்க் குந்துவதுமாக இருந்தது. "மலம் கட்டியிருக்குப் போல மகள்" என்றார் மாமி. நானும் அப்படியே நினைத்து ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கொடுத்தேன். செவ்வாய் பகல் முழுக்க அது சாப்பிடவில்லை. அஸருக்குப் பிறகு ஒரு தடவை வாந்தி. இஷாவுக்குப் பிறகு, நான் அதுவரை எந்தப் பூனையிடமும் கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. சண்டைச் சத்தமல்ல, பிள்ளைப்பேற்று வார்ட்டில் கேட்டிருப்பீர்களே, அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு முனகல், அதுபோல. வயிற்றில் கை வைத்தேன். உள்ளே தோடம்பழம் போல ஏதோ உருண்டையாக, இறுக்கமாக இருந்தது.

என் கணவர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். வெளியே கச்சான் மழை. நேரம் ஒன்பதரை.

மனிதருக்கு என்றால் டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வாயில்லாத ஜீவனுக்கு? அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் மற்ற அலுவலகங்களைப் போல மாலையில் மூடிவிடும். கையிலிருந்த ஒரு தனியார் மிருக வைத்தியரின் இலக்கத்துக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு இடத்தில் எடுத்தவர், "காலையில் கொண்டு வாருங்கள்" என்று வைத்துவிட்டார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பகலெல்லாம் வேலை செய்த மனிதருக்கும் நித்திரை வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சாச்சி வந்தார். நல்ல மனுஷி. கையோடு ஒரு பெனடோல் கார்டும் கொண்டு வந்திருந்தார். "பாதியை உடைச்சித் தண்ணியில கரைச்சிக் குடு, வலி அடங்கும்." நான் உடைத்தும்விட்டேன். கரண்டியில் கரைத்துக்கொண்டிருந்தபோது மிஸ்கீன் தலையைத் திருப்பிக்கொண்டது. வாய் திறக்க விடவில்லை. அல்லாஹ் அந்தப் பூனையின் ஹயாத்தை அதன் பிடிவாதத்தில் வைத்திருந்தான்.

சகோதரிகளே, இதை மட்டும் இப்போதே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சலோ, தலைவலியோ, பல்வலியோ, நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பெனடோல்தான். ஆனால் பூனைக்கு அது மருந்தல்ல, நஞ்சு. நம்முடைய ஈரல் அந்த மருந்தைப் பக்குவமாக மாற்றி வெளியேற்ற உபயோகிக்கும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் எஞ்சுகிற நஞ்சு இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்துவிட, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகிவிடும். முரசு நீலம் பாயும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பெரிய பூனையைக் கொல்லத் தாராளமாகப் போதும், பாதியும் ஆபத்துத்தான். நாய்க்கும் கொடுக்கக்கூடாது. அன்றிரவு பிறகு நாங்கள் பார்த்த டொக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே "பெனடோல் கொடுத்தீர்களா?" என்பதுதான். அவர் அப்படிக் கேட்டது, எத்தனை வீடுகளில் கொடுத்திருப்பார்கள் என்பதை எனக்குச் சொன்னது.

டொக்டரின் இலக்கம் கிடைத்தது எப்படித் தெரியுமா? என் மகனைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகும் ஆட்டோக்காரத் தம்பியிடமிருந்து. அவருடைய வீடு டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். பத்து மணிக்கு அவருக்குப் போன் எடுத்து, "தம்பி, மாட்டு டொக்டர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியுமாவா? அக்கா, அவரு இப்ப எங்க லயத்துலதான் நிக்கிறாரு" என்றார். நகரத்தில் கடையும் மாடி வீடும் வைத்திருக்கும் எங்களில் ஒருவரிடம் இல்லாத இலக்கம், மாடு வளர்க்கும் லயத்து வீடுகளில் சுவரில் கரியால் எழுதியிருக்கிறது. அவர்களுக்கு மாடு என்பது கொழுந்துச் சம்பளத்துக்கு மேலே வரும் பால் காசு. அது இரவில் விழுந்தால் குடும்பம் விழும்.

டொக்டர் சிங்களவர். தம்பி போனை அவரிடம் கொடுக்க, நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விபரம் சொன்னேன். ஆண் பூனையா, எப்போதிருந்து சிறுநீர் இல்லை, வாந்தி எடுத்ததா என்று மூன்று கேள்வி கேட்டார். நான் மலச்சிக்கலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிறுநீரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: தன்னால் வர முடியாது, கன்று போட்ட மாடு ஒன்று விழுந்து கிடக்கிறது, விட்டுவிட்டு வந்தால் செத்துவிடும். ஆனால் பூனையைக் காலை வரை வைத்திருக்கவும் வேண்டாம். முடிந்தால் இங்கே கொண்டு வாருங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை வெடித்துவிடும்.

இனி இதைக் கேளுங்கள். ஆட்டோ வந்து நிற்கிறது, நான் அபாயாவை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சாச்சி வாசலில் நின்று, "இந்த மழையில, ஆம்புள இல்லாத நேரத்துல, ஒரு பூனைக்கா?" என்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. எனக்கே ஒரு நிமிடம் கால் பின்வாங்கியது. மாமிதான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். "அவர்ட மொகத்தக்கூட எனக்குக் காட்டல்ல. இதுட பக்கத்துலயாவது நான் இருக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை.

பூனையை ஏற்றுவது பெரிய பாடு. கூடையில் வைத்தால் பாய்கிறது. கடைசியில் தலையணை உறைக்குள் தலை மட்டும் வெளியே தெரியும்படி போட்டுக் கட்டினோம். அந்தப் பிடியில் மகனின் மணிக்கட்டில் ஆழமாய் ஒரு கீறல். அதைப் பிறகு சொல்கிறேன்.

அது எரிபொருளுக்குக் கியூஆர் முறை இருந்த காலம். 2022 ஓகஸ்டில் வந்து 2023 செப்டெம்பரில்தான் அது நீங்கியது. ஆட்டோத் தம்பிக்கு அந்த வாரப் பங்கில் மிச்சமிருந்த பெற்றோலை நம்பித்தான் புறப்பட்டோம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தம்பி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். தேயிலை மலையில் சிறுத்தை நடமாட்டம் அதிகம், லயத்து நாய்களைத் தூக்கிப் போகிறது, காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் நாய்களும் மாட்டிக்கொள்கின்றன என்றார். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் அப்படியொரு சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். நாடே பேசியது. அதை மலையிலிருந்து உடவளவை வரைக்கும் கொண்டுபோனார்கள். சில நாளில் இறந்துவிட்டது. நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மிருகத்துக்கே வைத்தியம் அவ்வளவு தூரத்தில் என்றால், எங்கள் தலையணை உறைக்குள் இருக்கும் மிஸ்கீனுக்கு?

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. லயத்தின் பின்னே தகரக் கொட்டிலில் மாடு படுத்துக் கிடந்தது. கழுத்தை மடக்கி விலாவில் வைத்திருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. பக்கத்தில் கன்று, சாக்கில் துடைத்து வைத்தபடி. மாட்டுக்காரம்மா ஒரு கொழுந்தெடுக்கும் பெண், என் வயதிருக்கும். டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றார். டொக்டர் சேற்றில் முழங்காலிட்டு, மாட்டின் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, மேலே ஒரு போத்தலை அந்தப் பெண்ணின் மகனிடம் பிடிக்கக் கொடுத்திருந்தார்.

எங்களைப் பார்த்ததும் பெனடோல் கேள்வியைக் கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டு, மாட்டின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பதைத் தொடர்ந்தார். இது முடிய நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த அரை மணி நேரமும் என் மனம் அமைதியாக இருக்கவில்லை. என் கையிலிருந்த உறை முனகுவதை நிறுத்திவிட்டது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போத்தலில் மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. "கொஞ்சம் வேகமாக விடக்கூடாதா, அல்லது என்னுடையதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா" என்று வாய் வரைக்கும் வந்தது. மாமி என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பெண்ணைக் காட்டினார். அவ்வளவுதான்.

பிறகுதான் டொக்டர் விளக்கினார். கன்று போட்டதும் பால் திடீரென்று சுரக்க, மாட்டின் இரத்தத்திலுள்ள கல்சியம் எல்லாம் பாலுக்குப் போய்விடுகிறது. கல்சியம் இல்லாமல் தசை வேலை செய்யாது. மாடு விழுந்துவிடும், காது குளிர்ந்துவிடும். பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் உண்மையில் காய்ச்சலே இல்லை. கல்சியத்தை நரம்பில் ஏற்ற வேண்டும். ஆனால் வேகமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். அதனால்தான் அவர் ஒரு கையை ஊசியிலும், காதை நெஞ்சிலும் வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் பூனைக்கும் இருதயத்தில்தான் ஆபத்து என்றார். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தால் அது இருதயத்தை நிறுத்திவிடும். மாட்டுக்கு ஒன்று குறைந்துவிட்டது, பூனைக்கு ஒன்று கூடிவிட்டது.

போத்தல் முடியும் நேரம் மாட்டின் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. அந்தப் பெண் "ஆத்தா" என்று ஒரு சத்தம் போட்டார். சற்றுப் பொறுத்து மாடு முன்காலை ஊன்றித் தடுமாறி எழுந்து நின்றது. சகோதரிகளே, எத்தனையோ பேறுகால வீடுகளில் நின்றிருக்கிறேன். அந்தக் கொட்டிலில் நின்ற அனைவர் முகத்திலும் அப்போது நான் கண்டதை வேறெங்கும் காணவில்லை.

மிஸ்கீனைக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுபோனோம். பகலில் கொழுந்து நிறுக்கும் இடம் அது. மழைக்கு ஒதுங்க இடமும் ஒரு மேசையும் இருந்தன. ஆட்டோவின் முன்விளக்கைத் திருப்பி விட்டார்கள். டொக்டர் கையை ஊற்றி ஊற்றிக் கழுவினார். முதலில் முரசைப் பார்த்தார், பிறகு வயிற்றைத் தொட்டார், மிக மெதுவாக. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் பெண் பூனையினுடையதைவிட நீளம். நுனியில் மிகவும் ஒடுக்கம். நுண்ணிய உப்புக் கற்களும் சளி போன்ற பசையும் சேர்ந்து அதில் தக்கைபோல அடைத்துக்கொள்கின்றன. அதைத் திறக்க மயக்க மருந்தும், மெல்லிய குழாயும், அதற்கான வசதியும் வேண்டும். அவை மடுவத்தில் இல்லை. ஆனால் நேரத்தை வாங்கலாம் என்றார்.

வயிற்றின் ஓரிடத்தில் மயிரை வழித்து, மருந்து தடவி, மெல்லிய ஊசியை நேரே பைக்குள் செலுத்திச் சிறுநீரை இழுத்தெடுத்தார். பிளேன்டீ நிறத்தில் ஊசிக்குழல் நிறைந்தது, திரும்ப நிறைந்தது. மாமி பூனையின் தலையைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தார். பை தளர்ந்ததும் மிஸ்கீன் ஒரு நீண்ட மூச்சு விட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இது கை பழகிய வைத்தியர் மட்டும் செய்யும் வேலை. கேட்டறிந்தோம் என்று யாரும் முயன்று பார்த்துவிடாதீர்கள்.

சில மணி நேரந்தான் இது தாங்கும், விடியும்போது பேராதனையில் இருங்கள் என்று சொல்லி ஒரு துண்டில் எழுதித் தந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு ஒரு போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாம் பிள்ளைகளைப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் அந்த வாசலால் அனுப்புகிறோம். பக்கத்தில் இது இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு மருந்துச் செலவை மட்டும் சொன்னார். மகனின் கையைப் பார்த்துவிட்டு, பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நாய்க்குத்தானே அது என்று நினைத்திருந்தோம். பூனையாலும் அந்த நோய் வரும். வந்துவிட்டால் தப்பிப்பது அரிது. கீறலோ கடியோ பட்டால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும்; ஊசி இலவசம். மடுவத்துக் குழாயடியிலேயே பையனை நிற்க வைத்துக் கழுவினோம். ஹட்டனுக்குத் திரும்பியதும் ஊசி போட்டோம். மிஸ்கீனுக்கும் பிறகு போட்டோம்.

ஹட்டனிலிருந்து பேராதனை 60 கிலோமீற்றருக்கும் மேலே. வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று வட்டவளை. அன்றைக்கும் அது தன் பெயரைக் காப்பாற்றியது. ஆட்டோத் தம்பி பக்கத்து லயத்தில் இரண்டு பேரிடம் பெற்றோல் கடன் வாங்கி ஊற்றிக்கொண்டுதான் வந்தார். சுபஹுத் தொழுகையை நாவலப்பிட்டிப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கேட்டுத் தொழுதோம். வீட்டுக்காரம்மா பூனைக்காக வந்திருக்கிறோம் என்றதும் முதலில் சிரித்தார். பிறகு பிளாஸ்க்கில் தேநீர் நிரப்பிக் கொடுத்தார்.

பேராதனையில் வெளிச்சமான அறை, வெள்ளை அங்கி, எல்லாம் ஒழுங்கு. சொல்ல அதிகமில்லை. மயக்கம் கொடுத்துக் குழாய் செலுத்தி, உப்புத் தண்ணீரால் கழுவி அடைப்பை எடுத்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். படிக்கும் மாணவிகளில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள்; அவள் மாமிக்கு ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். மாமி அவளுக்கு துஆச் செய்து செய்து களைத்துவிட்டார். கம்பளையில் என் தாத்தா வீடு இருக்கிறது (மூத்த சகோதரியை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம், இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம்). அங்கே தங்கி வெள்ளிக்கிழமை வரை போய் வந்தோம்.

ஏன் வந்தது என்றதற்கு அவர்கள் கேட்டதெல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்டதுபோல இருந்தது. கடையிலிருந்து வரும் காய்ந்த பூனை பிஸ்கட்தான் சாப்பாடா? ஆமாம். தண்ணீர் குடிக்கிறதா? குளிரில் மிகக் குறைவு. நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறதா? அடுப்படியில். உடம்பு கூடவா? அதைக் கேட்கவே வேண்டியதில்லை. ஒரு தடவை வந்தால் திரும்பவும் வரக்கூடியது என்றும் சொன்னார்கள். இப்போது எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கோப்பை. பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் உப்பில்லாமல் அவித்த மீன், அவித்த தண்ணீரோடு. மாமி தினமும் காலையில் மண் தட்டைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்லாப் போயிருக்கு" என்று அறிவிப்பார். விருந்தாளிகள் இருந்தாலும் அறிவிப்பார். என்ன செய்வது?

ஒரு பூனைக்கு இவ்வளவு செலவா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த மாதம் எங்களுக்குக் கை இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் பேராதனை வரை போக முடியாது என்பதும் தெரியும். ஆனால் செவ்வாய் இரவின் செலவையும் அலைச்சலையும் திங்கள் காலையிலேயே பாதியாக்கியிருக்கலாம். அலுவலகம் திறந்திருந்த திங்கட்கிழமை பகல் முழுக்க நான் அதற்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிறுநீருக்கும் மலத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாததால் ஒரு நாளை இழந்தேன். இப்போது சமையலறைக் கலண்டருக்குப் பக்கத்தில் டொக்டரின் இலக்கம், பேராதனை இலக்கம், ஆட்டோத் தம்பியின் இலக்கம் மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். சாச்சி வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அவர் வீட்டில் ஒரு கிளி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் மிஸ்கீனோடு வீடு திரும்பியபோது ஆட்டோத் தம்பி ஒரு சோடாப் போத்தல் நிறைய மஞ்சளாய்ப் பால் கொண்டு வந்து நீட்டினார். சீம்பால். "அந்த அக்கா குடுத்துச்சு. பூனைக்காம்." அன்றிரவு நான் அவரிடம் இரண்டு வார்த்தைகூட நிம்மதியாகப் பேசவில்லை; அவரோ எங்களை நினைவில் வைத்திருந்தார். பெரிய பூனைக்கு மாட்டுப்பால் அவ்வளவு ஒத்துக்கொள்ளாது என்று பேராதனையில் சொல்லியிருந்தார்கள். அதனால் மாமி அதில் சீனியும் ஏலக்காயும் போட்டு வட்டிலப்பம் போல ஆவியில் அவித்தார். மிஸ்கீன் மேசையடியில் இருந்து கத்திக்கொண்டே இருக்க, நாங்கள் சாப்பிட்டோம். போத்தலைக் கழுவி, அதில் எங்கள் கடைத் தேங்காய் எண்ணெயை நிரப்பித் தம்பியிடம் கொடுத்தனுப்பினார் மாமி. "கன்னு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வா மகன்" என்றார்.